டிப்மேன் மார்க்கருக்கு மயில்கழுத்து நிறம்: ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையின் இரண்டு வேலைகள்

வீடு மாற்றிக்கொண்டு வேறு மாநிலம் போன நண்பர் ஒருவரிடமிருந்து பழைய டிப்மேன் 98 கஸ்டம் பெயிண்ட்பால் மார்க்கர் ஒன்றை, அதாவது சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டின் காற்றுத் துப்பாக்கியை, 60 டாலருக்கு வாங்கினேன். காற்றுக் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்களை மாற்றி, காற்று நுழையும் இடத்தில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டதும் அது முதல் நாளே தடங்கலின்றிச் சுட்டது. வெளித்தோற்றம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஆலையில் போட்ட கறுப்புப் பூச்சு மூலைகளில் தேய்ந்து வெள்ளை அலுமினியம் பல்லிளித்தது. அதன்மேல் பழைய சொந்தக்காரர் எப்போதோ அடித்திருந்த ராணுவப் பச்சை, பாம்புச் சட்டை போலப் பாதி உரிந்தும் பாதி ஒட்டியும் கிடந்தது. அதற்குப் புது நிறம் கொடுக்க முயன்று, முதலில் என் கையால் ஸ்ப்ரே கேனில் அடித்து, அது பிடிக்காமல் டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகரில் உள்ள, வண்ணப் பொடியைத் தூவி ஓவனில் உருக்கிப் பூசும் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கும் ஒரு முறை கெட்டு மறுமுறை தேறிய வேலையைப் பற்றியது இந்த மதிப்புரை. பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்த பிழை பெரும்பாலான சிறு பட்டறைகள் செய்யக்கூடியது. அதைச் சரிசெய்த விதம் எல்லாப் பட்டறைகளிலும் கிடைக்காது.

மார்க்கர் என்ற பெயரே இந்தக் கருவியின் பிறப்பைச் சொல்கிறது. வெட்ட வேண்டிய மரங்களில் தொலைவிலிருந்தே வண்ண அடையாளம் இடுவதற்கும், மந்தையில் மாடுகளைக் குறிப்பதற்கும் செய்யப்பட்ட நெல்ஸ்பாட் 007 என்னும் கைத்துப்பாக்கியை வைத்துத்தான் 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊர்க் காட்டில் பன்னிரண்டு பேர் முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தை ஆடினார்கள். டிப்மேன் நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் பின்னால், 1986இல், இண்டியானாவின் ஃபோர்ட் வேன் நகரில் தொடங்கியது. அவர்களின் 98 வரிசை அமெரிக்க மைதானங்களில் வாடகைக்குக் கொடுக்கும் மார்க்கராகவே பலருக்கும் முதலில் கைக்கு வரும். சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும் என்ற பெயர் அதற்கு உண்டு. அழகான பொருள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பூச்சு வேலைக்கு முன் இதன் உடலமைப்பைச் சொல்லியாக வேண்டும். பின்னால் வரும் சிக்கல் அத்தனையும் அதிலிருந்தே கிளம்பியது. 98இன் பாடி ஒரே குழாயாகக் கடைந்தெடுத்ததல்ல. சிப்பியின் இரண்டு ஓடுகள் போல, வார்ப்பு அலுமினியத்தில் இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று. இரண்டையும் சேர்த்து ஆலன் திருகாணிகளால் முடுக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு பாதிகளும் சேரும்போது உண்டாகும் குடைவுக்குள்தான் குண்டை முன்னே தள்ளும் முன்போல்ட்டும், சுத்தியலாக வேலை செய்யும் பின்போல்ட்டும், இரண்டையும் இணைக்கும் கம்பியும், சுருள்வில்லும் முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஒவ்வொரு சுடுதலிலும் வெளியேறும் வாயுவில் ஒரு பங்கு பின்போல்ட்டைப் பின்னால் தள்ளி மறுபடி காக் செய்துவிடும், அதாவது அடுத்த சுடுதலுக்குத் தயாராக்கிவிடும். ஆகவே இந்தப் பாடியின் வெளிப்புறம் வெறும் தோல். உட்புறமோ ஒரு இயந்திரத்தின் சிலிண்டர் சுவர். அதை மறந்துவிட்டுப் பூசுபவர் யாராக இருந்தாலும் மாட்டிக்கொள்வார்.

ஸ்ப்ரே கேன் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பழைய பூச்சை எடுக்க ஸ்ட்ரிப்பர் வாங்கப் போனபோது, முன்பு இந்தத் தொழிலில் பெயர்போன மெத்திலின் குளோரைடு கலந்த சரக்கு கடையில் இல்லை. பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2019இல் தடை செய்துவிட்டது. மூடிய அறையில் அதை முகர்ந்து உயிரிழந்தவர்கள் உண்டு என்பதால் அந்தத் தடையில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஸ்ட்ரிப்பர்கள் மெதுவானவை. இரவு முழுக்கப் பூசி, பாலித்தீன் உறையில் சுற்றிவைத்து, காலையில் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, அதையே இரண்டாம் இரவும் செய்தபிறகுதான் உலோகம் தெரிந்தது. பிறகு அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கும் அமிலக் கலவையுள்ள செல்ஃப் எட்சிங் பிரைமர், அதன்மேல் கார் என்ஜினுக்கு அடிக்கும் எனாமல், கடைசியில் கிளியர் கோட் என்னும் நிறமற்ற மேற்பூச்சு. எல்லாம் சேர்ந்து 62 டாலர் ஆயிற்று.

தவறு என்னுடையது. ஏப்ரல் மாத மிச்சிகனில், வெப்பமில்லாத கராஜில், 7 டிகிரி குளிரில் அடித்தேன். கேனின் முதுகிலேயே 10 டிகிரிக்குக் கீழே அடிக்காதே என்று எழுதியிருந்ததை அடித்து முடித்த பிறகு படித்தேன். மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போலப் புள்ளி புள்ளியாக எழுந்தது. கிளியர் கோட்டில் பால் படிந்தது போல ஒரு மங்கல். அதோடு, மேற்புறம் காய்ந்துவிட்டதை வைத்து ஒரு வாரம் காத்திராமல் நான்காம் நாளே மைதானத்துக்கு எடுத்துப் போனேன். பெயிண்ட்பால் குண்டின் தோல் ஜெலட்டின், உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலி எத்திலீன் கிளைக்கால் கலந்த சாயம். தண்ணீரில் கழுவினால் போய்விடும் சாதுவான பொருள்தான் என்றாலும், முழுதாக இறுகாத எனாமலின்மேல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அது என்ன செய்யும் என்பதை அன்று பார்த்தேன். குண்டுகளை நிரப்பும் ஹாப்பருக்குக் கீழே, குண்டு உடைந்து வழிந்த தடத்தில், நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் மெழுகாக வந்தது.

இதனால் ஸ்ப்ரே கேனே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஜூலை மாதத்தில் அடித்து, பத்து நாள் தொடாமல் வைத்திருந்தால் ஓராண்டு தாங்கியிருக்கும். கெட்டால் மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி. எனக்கு ஒரே பொருளை இரண்டாம் முறை உரிக்கும் பொறுமை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அனோடைசிங், அதாவது அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேற்பரப்பையே நிறமேற்றக்கூடிய படலமாக மாற்றுவது, செய்யலாமே என்று மைதானத்தில் சிலர் சொன்னார்கள். கட்டியான 6061 வகை அலுமினியத்தில் கடைந்தெடுத்த விலை உயர்ந்த மார்க்கர்களுக்கு அதுவே சிறந்தது. கண்ணாடி போன்ற சிவப்பும் நீலமும் அதில்தான் வரும், தடிமனும் மிகக் குறைவு. ஆனால் அச்சில் வார்க்கும் அலுமினியக் கலவைகளில், உருகிய உலோகம் அச்சுக்குள் நன்றாக ஓடுவதற்காகச் சிலிக்கன் நிறையச் சேர்த்திருப்பார்கள். சிலிக்கன் அனோடைஸ் ஆகாது. அமிலத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது சாம்பல் அப்பியது போன்ற திட்டுத்திட்டான நிறம்தான் மிஞ்சும். இதை அனோடைசிங் செய்பவர் ஒருவரே தொலைபேசியில் சொல்லி, வேலையை வேண்டாம் என்று ஒதுக்கினார். தெரியாத வேலையை வாங்கிக்கொள்ளாத அந்த மனிதருக்கு நன்றி. செராகோட் என்னும் பீங்கான் கலந்த மெல்லிய பூச்சு இன்னொரு வழி. அது சுமார் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் நிற்கும், குறைந்த சூட்டிலேயே இறுகும். ஆனால் எனக்குக் கிடைத்த விலை மார்க்கரின் விலையைப் போல நான்கு மடங்கு. இப்படித்தான் பவுடர் கோட்டிங்குக்கு வந்து சேர்ந்தேன்.

பவுடர் கோட்டிங் எனக்குப் புதிதல்ல. கோவையில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபோது, கிரைண்டர் ஸ்டாண்டுகளும் பேனல் பெட்டிகளும் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கியபடி ஓவனுக்குள் போய், பளபளவென்று வெளியே வருவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். மைதா மாவைவிட மெல்லிய வண்ணப் பொடிக்குத் துப்பாக்கியின் நுனியில் பல்லாயிரம் வோல்ட் மின்னூட்டம் கொடுத்து, தரையோடு இணைத்த உலோகத்தின்மேல் தூவுவார்கள். பொடி காந்தத்தில் இரும்புத்தூள் போலப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியே ஓவனில் வைத்து, உலோகம் 180 முதல் 200 டிகிரி வரை சூடேறி அந்தச் சூட்டில் பத்து இருபது நிமிடம் நின்றால், பொடி உருகி வழுவழுப்பாகி, பிறகு வேதிவினையால் இறுகிவிடும். மறுபடி சூடாக்கினாலும் உருகாது. காய்ந்த தடிமன் 60 முதல் 80 மைக்ரான், அதாவது நாம் அச்சடிக்கும் வெள்ளைத் தாளின் தடிமனில் முக்கால் பங்கு. இந்த முக்கால் பங்குத் தாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை பெரியதல்ல. முன்னால் ஒரு மேசை, பின்னால் காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சிப் பரப்பைச் சுரண்டும் பிளாஸ்டிங் அறை, இரண்டு ஓவன்கள், சுவர் முழுக்க மோட்டார் சைக்கிள் சட்டங்களும் கார் சக்கரங்களும். மேசையில் இருந்த இளைஞர் ஒரு வளையத்தில் கோர்த்த நிற மாதிரித் தகடுகளை நீட்டினார். வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. என் மனைவி, "ஏனுங்க, அறுபது டாலர் சாமானுக்கு நூத்தி நாப்பது டாலர்ல பூச்சா?" என்று கேட்டுவிட்டு, அப்படிச் செலவழிப்பதாக இருந்தால் அந்த ராணுவப் பச்சை மட்டும் வேண்டாம், மயில்கழுத்து நிறத்தில் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். பட்டுப்புடவைக் கடையில் அந்தச் சொல்லைச் சொன்னால் பத்து நிமிடத்தில் நாற்பது புடவை விரியும். இங்கே ரால் என்னும் ஜெர்மானிய நிற அட்டவணையின் எண்களில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒற்றைப் பூச்சில் அது வரவில்லை. வெள்ளி நிற அடிப்பூச்சின்மேல் ஒளி ஊடுருவும் நீலப்பச்சைப் பொடியை இரண்டாம் பூச்சாகப் போட்டால் வெயிலில் திருப்பும்போது நிறம் மாறும் என்று இளைஞர் ஒரு மாதிரியைக் காட்டினார். அது மயில்கழுத்தேதான். இரண்டு பூச்சுக்கும், பழைய பெயிண்டை உரிப்பதற்கும் சேர்த்து 140 டாலர், இரண்டு வாரம்.

அவர் என்னிடம் கேட்டவை இரண்டே கேள்விகள்: என்ன நிறம், பளபளப்பா மங்கலா. எங்கே பூசக் கூடாது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற நினைப்பில், பாடியைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிள் சட்டத்தையும் சக்கரத்தையும் பூசிப் பழகிய கைக்கு, ஒரு பொருளை முழுக்க மூடுவதுதான் நல்ல வேலை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து உறையைப் பிரித்துப் பார்த்தபோது நிறத்தில் சொக்கிப் போனேன் என்பதை மறைக்க மாட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் வலப்புறம் திருப்பினால் பச்சை, இடப்புறம் திருப்பினால் நீலம். ஆனால் பாதிகளின் உட்புறத்தைத் திருப்பிய கணத்திலேயே வயிற்றில் புளி கரைந்தது. போல்ட் ஓடும் குடைவு, இரண்டு பாதிகளும் முகத்தோடு முகம் சேரும் விளிம்பு, திருகாணித் துளைகள், குண்டு வெளியேறும் குழலான பேரல் திருகும் மரை என்று எதையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றிலும் அதே அழகான மயில்கழுத்து.

வீட்டுக்கு வந்து பூட்டிப் பார்த்தேன். இரண்டு பூச்சு போட்டதால் ஒவ்வொரு முகத்திலும் சுமார் 130 மைக்ரான் ஏறியிருந்தது. இரண்டு முகமும் சேர்ந்து கால் மில்லிமீட்டருக்கு மேல். திருகாணிகளை முடுக்கிய பிறகும் மேல் விளிம்பின் இடைவெளிக்குள் வெள்ளைத் தாள் ஒன்றை இரண்டாக மடித்து நுழைக்க முடிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.25 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் போய் வந்தது. பேரல் இரண்டு சுற்றுக்கு மேல் திருகவில்லை. பின்போல்ட்டைக் கையால் தள்ளினால் வழக்கமாக எண்ணெய் போல வழுக்கிப் போகும்; இப்போது ரப்பர்மேல் இழுப்பது போல முறுமுறுத்தது. பேரலை மாட்டாமல், குண்டு இல்லாமல் காற்றை மட்டும் திறந்து பார்த்ததில் மூன்று முறை சுட்டால் ஒரு முறை மறுபடி காக் ஆகாமல் நின்றது. இந்த நிலையில் அதை மைதானத்துக்குக் கொண்டுபோகும் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு குறையும் கண்ணில் பட்டது. வலது பாதியின் பின்பக்கத்தில் குண்டூசி குத்தியது போல எட்டுப் பத்து துளைகள். இது வார்ப்பு அலுமினியத்தின் பழைய வியாதி. வார்க்கும்போது உள்ளே சிக்கிக்கொண்ட காற்றும், ஆண்டுக்கணக்கில் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயும், ஓவனின் சூட்டில் விரிந்து, உருகிக்கொண்டிருக்கும் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். இதைத் தவிர்க்க வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொடி தூவுவதற்கு முன்பே, பூச்சு இறுகும் சூட்டைவிடச் சற்று அதிகமான சூட்டில் வெறும் உலோகத்தை அரைமணி நேரம் சுட்டு, வெளியேற வேண்டியதை வெளியேற்றிவிட வேண்டும். தகட்டிலும் எஃகுக் குழாயிலும் இந்தத் தொல்லை இல்லாததால், அவற்றையே பார்த்துப் பழகிய பட்டறைகள் இந்தப் படியைத் தாண்டிவிடுகின்றன.

திரும்பப் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனேன். இளைஞர் சற்றுச் சங்கடப்பட்டு உள்ளே போய், அறுபது வயதுக்கு மேலான ஒரு தொழிலாளியை அழைத்து வந்தார். அவர் இரண்டு பாதிகளையும் வாங்கிச் சேர்த்துப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, இடைவெளியை ஒரு கண்ணால் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, இதைப் பணம் வாங்காமல் மறுபடி செய்து தருவதாகவும், ஆனால் இதன் உள்ளே எது எங்கே ஓடுகிறது என்பது தனக்குத் தெரியாதென்பதால், மறைக்க வேண்டிய இடங்களை நானே வந்து மறைக்க முடியுமா என்றும் கேட்டார். வாடிக்கையாளரை மேசைக்குப் பின்னால் அழைக்கும் பட்டறையை நான் அமெரிக்காவில் அதற்கு முன் பார்த்ததில்லை. கோவையில் இது சாதாரணம். அங்கே வேலை கொடுத்தவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்தபடி வேலை வாங்குவார்.

பழைய பூச்சை உரித்த பிறகு வரும்படி அழைத்தார்கள். அலுமினியம் என்பதால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடவில்லை என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். போட்டிருந்தால் பூச்சோடு சேர்த்து உலோகத்தையும் அது தின்றிருக்கும். உட்குடைவின்மேல் கனமான டேப் ஒட்டி, வெளிப்புறத்தை மட்டும் மென்மையாகப் பிளாஸ்ட் செய்திருந்தார். வெறும் உலோகத்தைச் சுட்டு ஆற வைத்தும் இருந்தார். மீதி வேலை எங்கள் இருவருக்கும் சரியாக ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

மறைப்பதற்கு இரண்டே பொருள்கள்: ஓவன் சூட்டைத் தாங்கும் பச்சை நிறப் பாலியஸ்டர் டேப், கூம்பு வடிவச் சிலிக்கோன் ரப்பர் ப்ளக்குகள். திருகாணித் துளைகளுக்கும் காற்று நுழையும் மரைக்கும் ப்ளக்கைத் திணித்தோம். பேரல் மரை இரண்டு பாதிகளிலும் பாதிப் பாதியாக இருப்பதால் ப்ளக் நிற்காது. அங்கே டேப்பைப் பற்களின்மேல் அழுத்தி, ஐஸ்கிரீம் குச்சியால் நீவிவிட வேண்டியிருந்தது. சேரும் விளிம்புதான் நேரத்தை விழுங்கியது. ஆறு மில்லிமீட்டர் அகல டேப்பை விளிம்பை ஒட்டி வைத்து, வளைவுகளில் சிறுசிறு துண்டுகளாக ஒட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியைப் பிளேடால் விளிம்போடு சீவினோம். இரண்டு பாதிகளையும் பூட்டியே பூசிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று நான் கேட்டதற்கு, பொடி மூட்டின்மேல் பாலம் கட்டிவிடும், முதல் முறை திறக்கும்போதே விளிம்பு நெடுகப் பிய்ந்து வரும் என்றார். கேட்டிருக்கவே வேண்டாம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மதிப்புரையை எழுத வைத்தது. ஓவனிலிருந்து எடுத்த பாதிகள் முழுக்க ஆறுவதற்கு முன்பே, கையுறையோடு ஒவ்வொன்றையும் பிடித்து, டேப்பும் பூச்சும் சேரும் கோட்டில் பிளேடின் நுனியை இலேசாக ஓட்டிவிட்டு, பிறகே டேப்பை உரித்தார். ஆறிய பிறகு இழுத்திருந்தால் பூச்சின் விளிம்பு கண்ணாடிச் சில்லு போல உடையும். அந்த வெதுவெதுப்பில் அது கத்தியால் வெட்டிய அல்வாத் துண்டு போல நேர்கோட்டில் பிரிந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாற்பது ஆண்டாகச் செய்யும் வேலையை நாற்பத்தோராம் ஆண்டும் செய்கிறார் என்பதுபோல் அடுத்த பாதியை எடுத்தார்.

இந்த முறை பூட்டியபோது மூட்டுக்கோடு தெரியவில்லை. போல்ட் பழையபடி வழுக்கி ஓடியது. மைதானத்தில் குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராப் முன்னால் நின்று ஆறு முறை சுட்டதில் எல்லாமே நொடிக்கு 270க்கும் 280 அடிக்கும் இடையில் விழுந்தன. அந்த மைதானத்தின் வரம்பும் 280தான். பிரித்துச் சேர்த்த எந்த மார்க்கரையும் அன்றே வேகம் அளக்காமல் ஆட்டத்துக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியை இன்னும் கால் சுற்று மாற்றி 265க்குக் குறைத்து வைத்தேன்.

ஒரு பருவம் முழுக்க ஆடிய பிறகு பூச்சு எப்படி இருக்கிறது என்பதற்கு வருகிறேன். குண்டுச் சாயம் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடுகிறது. மரப்பலகை, பிளாஸ்டிக் பீப்பாய், சரளைக்கல் எல்லாவற்றிலும் இடித்திருக்கிறேன்; கீறல் விழவில்லை, இலேசான மங்கல் தடம் மட்டும். வெயிலில் நிறம் வெளுக்கவில்லை; வெளியில் பயன்படும் பாலியஸ்டர் வகைப் பொடிதான் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன், எபாக்சி வகையாக இருந்திருந்தால் வெயில் பட்டுச் சுண்ணாம்பு போலப் பொடிந்திருக்கும். ஒரே இடம், காக் செய்யும் கைப்பிடி ஓடும் பக்கவாட்டுக் காடியின் கீழ் விளிம்பு. அங்கே உலோகத்தின்மேல் உலோகம் தேய்ந்து, அரிசி அளவுக்குப் பூச்சு பெயர்ந்துவிட்டது. பவுடர் கோட்டிங்கில் ஒட்டு வேலை கிடையாது. அந்த அரிசியளவு இடத்துக்காக முழுப் பாடியையும் மறுபடி உரிக்க வேண்டும். காடியின் விளிம்பையும் மறைத்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அதே போல, உலோகத்தில் பொறித்த எழுத்துகளும் எண்களும் பூச்சில் நிரம்பி மழுங்கிவிட்டன. படிக்க முடிகிறது, ஆனால் கூர்மை போய்விட்டது. ஒற்றைப் பூச்சு போட்டிருந்தால் இவ்வளவு நிரம்பியிருக்காது.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடியோடு பொருத்தமாக இருக்கட்டும் என்று, சுடுவதற்கான காற்றை அடைத்து வைக்கும் உருளையையும் ஓவனுக்கு அனுப்ப நினைக்காதீர்கள். 3000 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும்படி பதப்படுத்தப்பட்ட அலுமினியம் அது. ஓவனின் சூடு அந்தப் பதத்தைக் குலைக்கும், குலைந்தது வெளியே தெரியாது. அதிக வெப்பம் பட்ட உருளையை நிரப்புவதும் பயன்படுத்துவதும் கூடாது. நான் உருளைக்குத் துணியுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஓ-ரிங், ரப்பர், பிளாஸ்டிக் உறுப்பு ஒவ்வொன்றையும் கழற்றிய பிறகே பாடியை ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்; ஆனால் என்னுடைய பாடியில் குண்டைத் தடுத்து நிறுத்தும் சிறு ரப்பர் துண்டை நானே கழற்ற மறந்து, அது முதல் ஓவனிலேயே கருகிப் போனது. மூன்று டாலர் நட்டம்.

பட்டறையைப் பற்றிய என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. நிறத் தேர்வு, பொடியின் தரம், இறுக்கிய பதம், பிழையை ஒப்புக்கொண்ட நேர்மை ஆகியவற்றுக்கு முழு மதிப்பெண். வேலையை வாங்கும் மேசையில் வைத்திருக்கும் கேள்விகளுக்குப் பாதிகூடத் தர மாட்டேன். அந்தப் பெரியவரை மேசைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தால் என் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். நீங்கள் போவதாக இருந்தால், பாடியின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, பூசக் கூடாத இடங்களைச் சிவப்பில் அடையாளமிட்டு, அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். வார்ப்பு அலுமினியம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பூசும் முன் வெறும் உலோகத்தைச் சுடுவீர்களா என்று கேட்டு, அவர்கள் விழித்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

விலை கட்டுமா என்பது வேறு கேள்வி. 60 டாலர் மார்க்கருக்கு 140 டாலர் பூச்சு என்ற கணக்கை வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை. வாடகை மார்க்கர் போலக் கரடுமுரடாகப் பயன்படுத்தி ஓராண்டில் விற்றுவிட நினைப்பவருக்குக் கோடைகாலத்தில் ஒரு ஸ்ப்ரே கேனே போதும். வைத்துக்கொள்ள நினைப்பவர் பவுடருக்குப் போகலாம். என் மகனும் வைத்துக்கொள்ளப் போகிறவன்தான். அவனுக்கென்று இன்னொரு பழைய 98 வாங்கியிருக்கிறோம். அதன் காடி விளிம்பு உட்பட எல்லா இடத்தையும் சிவப்பில் குறித்த படம் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது, சிலிக்கோன் ப்ளக்குகள் அளவு பார்த்து ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் தயாராக இருக்கின்றன. நிறம் என்ன என்று மட்டும் அவன் இன்னும் சொல்லவில்லை; அவன் அம்மா மாம்பழ மஞ்சள் என்கிறார்.